எட்டடி வண்டி

சென்னைக்காரர்கள் வண்டிக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் கம்பெனிக்காரர்களை மதிப்பதே இல்லை. அங்கே மீட்டிங் போட்டு, டீ பிஸ்கட் சாப்பிட்டு ஒரு பெயரை முடிவு பண்ணி அனுப்புகிறார்கள். இங்கே டீக்கடை வாசலில் ஒரே நிமிஷத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்றை மாட்டிவிடுகிறார்கள்.

2005-ம் வருஷம் மே மாதம் டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்று ஒரு சின்ன சரக்கு வண்டியை இறக்கியது. ரெண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், முக்கால் டன் பாரம், விலை சுமார் ரெண்டேகால் லட்சம். ஏஸ் என்றால் சீட்டுக்கட்டில் மற்றதையெல்லாம் அடிக்கிற சீட்டு. நம் ஊரில் யாருக்கு வேண்டும் அந்தச் சீட்டு? 'குட்டி யானை' என்றார்கள். தீர்ந்தது. இந்திக்காரர்களும் அதையே 'சோட்டா ஹாத்தி' என்கிறார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தட்டுப்படவில்லை.

அசோக் லேலண்ட் 2011-ல் நிஸானோடு கூட்டுச் சேர்ந்து ஒசூரிலிருந்து விட்ட வண்டிக்கு 'தோஸ்த்' என்று பெயர். அதை மட்டும் சென்னை தொடவில்லை. "இன்னா தோஸ்து, கண்டுக்கவே மாட்டேன்றே" என்று தலைமுறை தலைமுறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற ஊராயிற்றே! மொழிபெயர்க்க வேண்டிய வேலை மிச்சம்.

இந்த யானை, தோஸ்த் வகையறா வழக்கு ஒன்றில் போன மாசம் என்னை ஜட்ஜாக உட்கார வைத்துவிட்டார்கள். என்ன தகுதி என்று கேட்பீர்கள். முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் நான் ஏற்றிய அதிகபட்ச சரக்கு ஒரு காஸ் சிலிண்டர் அல்லது ஒரு மனைவி. ரெண்டையும் சேர்த்து ஏற்றியதில்லை. இவ்வளவுதான்.

வழக்கு இதுதான். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. அண்டா, தவலை, இலுப்பச்சட்டி, ஜல்லிக்கரண்டி, நாற்காலி, டேபிள், ஷாமியானா எல்லாம் கிடைக்கும். (பெயர் சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் எங்கள் வீட்டு சீமந்தத்துக்கு அங்கேதான் போய் நிற்கவேண்டும்.) இப்போது நடத்துகிறவரின் தாத்தா கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனார். அப்பா காலத்தில் மீன்பாடி வண்டி. மூணு சக்கர சைக்கிள் ரிக்‌ஷாவில் எங்கேயோ கழற்றிய பழைய மோட்டாரை மாட்டி, காசிமேட்டுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு போகுமே, அது. இவர் காலத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடகை வண்டி. முகூர்த்த நாளில் வாடகை ஏறும். சில சமயம் வண்டியே வராது. கல்யாணத்துக்கு அண்டா வராமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை வராவிட்டால்கூட சமாளித்துவிடலாம்.

ஆகவே சொந்த வண்டி வாங்குவது என்று வீட்டில் ஏகமனதாக முடிவாயிற்று. எந்த வண்டி என்பதில்தான் ரெண்டு கட்சி.

அப்பா, குட்டி யானைக் கட்சி. "சார், நம்ம சந்து உங்களுக்குத் தெரியாதா? அதுல என்ன ஏரோப்ளேனா ஓட்டப் போறோம்? சின்னதா வாங்கினோமா, ரெண்டு நடை அடிச்சோமான்னு இருக்கணும்."

பையன் பி.காம். முடித்தவன். 407 கட்சி. "சார், இப்பல்லாம் கல்யாணம் எங்க நடக்குது? ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். பக்கம் போயிடுச்சு. ஒரே நடையில ஐநூறு சேர் இறக்கணும். நீங்க சொன்னா அப்பா கேட்பாரு சார்."

பையன் சொல்வதை லேசில் தள்ளிவிட முடியாது. 407 சாமானிய வண்டி இல்லை. அது வந்தது 1986-ல். அப்போது ஜப்பான்காரர்கள் டி.சி.எம்.-டொயோட்டா, ஆல்வின்-நிஸான், ஸ்வராஜ்-மாஸ்டா, ஐஷர்-மிட்சுபிஷி என்று நாலு ஜோடியாக இந்தியாவில் வந்து இறங்கியிருந்தார்கள். நாலுக்கும் நடுவே உள்ளூர்ச் சரக்காக நின்று ஜெயித்த வண்டி அது. இன்றைக்கு 'ஆல்வின்-நிஸான்' என்று ஒரு பையனிடம் சொன்னால் ஜுர மாத்திரையா என்று கேட்பான். 407-ஐத் தெரியாதவன் கிடையாது. ரெண்டு டன்னுக்கு மேல் தாங்கும். பத்தடிக்குக் குறையாத தொட்டி.

ஆனால் எது பெரிசு, எது சின்னது என்பது நாம் நிற்கிற தெருவைப் பொறுத்த சமாசாரம். என் அக்கா பையன் டெக்ஸாஸில் இருக்கிறான். ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கிறான். அமெரிக்காவில் 1977-லிருந்து இந்த எஃப் வரிசைதான் லாரி ஜாதியில் விற்பனையில் முதலிடம். நாலு கதவு வைத்தது சுமார் பத்தொன்பது அடி நீளம். அகலம் கண்ணாடியைச் சேர்க்காமலே ஆறரை அடிக்கு மேல். இதில் அவன் என்ன ஏற்றுகிறான் தெரியுமா? பாலும் பிரெட்டும். வருஷத்தில் ஒருதரம் கொலுப்படி. அங்கேயும் இதே சண்டைதானாம். முழு சைஸ் வாங்குவதா, டொயோட்டா டகோமா மாதிரி நடு சைஸ் போதுமா என்று ஆபீஸில் மணிக்கணக்காகப் பேசுகிறார்களாம். அவர்களுடைய 'நடு சைஸ்' எங்கள் சந்து முனையில் வந்து நின்றால், முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. அப்படியே நிறுத்தி, மாலை போட்டு, அறுபத்துமூவரோடு அறுபத்துநாலாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் தீர்ப்பைத் தள்ளிவைத்தேன். ஜட்ஜுகளுக்குக் கைவந்த கலை அதுதானே!

விஷயம் தமாஷ் இல்லை என்பது அன்று சாயங்காலம்தான் புரிந்தது. கடைக்காரரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அதிகம் பேசாதவர். வண்டிக்குக் கடன் கிடைக்கும். ஆனால் முன்பணம்? அது அந்த அம்மாவின் கையில் இருந்தது. கையில் என்றால் நிஜமாகவே கையில். எட்டு வளையல். 407 என்றால் எட்டும் அடகுக் கடைக்குப் போகும். குட்டி யானை என்றால் மூணோடு முடியும். வளையல் போனால்கூட மீட்கலாம். மாசா மாசம் தவணை கட்டமுடியாமல் வண்டியும் போனால் மீட்க எதுவும் இருக்காது. ஆடி, மார்கழி ரெண்டு மாசமும் கல்யாணம் கிடையாது. பாங்குக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

"சார், ரெண்டு பேரும் அவங்கவங்க மனசுல இருக்கற வண்டியப் பேசறாங்க. நோட்டுல இருக்கறத யாரும் பார்க்கல" என்றார் அந்த அம்மா.

நோட்டு என்றால் நீள நோட்டு. பத்து வருஷமாக அவர் கையெழுத்து. எந்த வீடு, எந்தத் தெரு, எத்தனை நாற்காலி, எத்தனை டேபிள், எத்தனை அண்டா, வண்டி எத்தனை நடை, ஆளுக்கு எவ்வளவு கூலி, எந்தக் கரண்டி திரும்பி வரவில்லை வரைக்கும் எல்லாம் அதில் இருக்கிறது. புரட்டிப் பார்த்தேன். ஐநூறு நாற்காலி போன நாட்கள் வருஷத்தில் ஏழெட்டு. அவ்வளவுதான். அம்பது நாற்காலி, நாலு டேபிள் போன நாட்கள் நிறைய, ஆனால் அதில் கூலிக்கே சரியாகிவிடும். கடை ஓடுவது நடுவில் இருக்கிற ஆர்டர்களில். நூற்றைம்பது, இருநூறு பேர் வருகிற சஷ்டியப்தபூர்த்தி, நிச்சயதார்த்தம், கிரகப்பிரவேசம், பூணூல், வளைகாப்பு. பக்கத்துக்குப் பக்கம் அதுதான்.

அந்த ஆர்டர்கள் எல்லாவற்றுக்கும் எதிரே 'வண்டி - 2 நடை' என்று எழுதியிருந்தது. குட்டி யானை வாடகைக்கு எடுத்தவை.

ஏன் ரெண்டு நடை? இங்கேதான் அந்த அம்மாவின் கணக்கு. எந்தக் காலேஜிலும் படிக்காத கணக்கு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ரெண்டு, ரெண்டரை கிலோ இருக்கும். இருநூறு நாற்காலி போட்டாலும் அரை டன்தான். பாரத்தில் யானைக்கு அது தூசு. ஆனால் நாற்காலிக்குப் பாரம் கணக்கில்லை, இடம்தான் கணக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு அடுக்கு தரையில் ரெண்டடிக்கு ரெண்டடி பிடிக்கும். யானையின் தொட்டி நீளம் ஏழடி சொச்சம். அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. அப்படியென்றால் மூணு வரிசை, வரிசைக்கு ரெண்டு அடுக்கு. மிச்சம் ஓரடி இருக்கும். அதில் நாற்காலி நிற்காது. கரண்டி வேண்டுமானால் போகலாம். நாற்காலி ஏறியாயிற்று. டேபிள், அண்டா, அடுப்பெல்லாம் ரெண்டாவது நடை.

தோஸ்த் மாதிரி, பொலேரோ பிக்கப் மாதிரி நடு சைஸ் வண்டிகளில் தொட்டி எட்டடிக்கு மேல். அகலமும் ஐந்தடிக்கு மேல். நாலு வரிசை நிற்கும். நாலாவது வரிசையில் நாற்காலிக்குப் பதில் டேபிளை நிமிர்த்தி வைத்து, அண்டாவை நாற்காலிக்கு மேல் கவிழ்த்து, அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் கரண்டி என்று போட்டால் ஒரே நடை. "ஒரு அடி சார், ஒரே ஒரு அடி. அதுக்காகத்தான் பத்து வருஷமா ரெண்டு தடவை போயிட்டு வரோம்" என்றார்.

ரெண்டு தடவை போய்வருவது முன்னைப்போலவும் இல்லை. மெட்ரோ ரயிலுக்கு லஸ் பக்கம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, எந்த ரோடு எந்த நாளில் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஜோசியரைக் கேட்டுத்தான் கிளம்பவேண்டியிருந்தது. கச்சேரி ரோட்டிலிருந்து அடையாறு காந்தி நகருக்குப் போய், திரும்ப திரு.வி.க. பாலம் ஏறி, இன்னொரு நடை அடிப்பதற்குள் அங்கே பந்தி ஆரம்பித்துவிடும்.

இந்தப் புள்ளியில் அப்பா கட்சி ஆட்டம் கண்டது. இருந்தாலும் விடவில்லை. "ரெண்டாவது நடை எதுக்கு? கொஞ்சம் நெருக்கி ஏத்தினா யானை தாங்கும்" என்றார். தாங்கும். ரோட்டில் நிற்கிற அதிகாரி தாங்கமாட்டார். 2019 திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இரும்பு டேபிளும் ஷாமியானாக் குழாயும் ஏற்றினால் முக்கால் டன் எப்போது தாண்டியது என்று தெரியாது. குழாய் பின்னால் நீட்டிக்கொண்டு இருந்தால் அது தனிக் கேஸ். முன்பெல்லாம் ஒரு மீட்டர் வரைக்கும் நீட்டலாம் என்று விதியில் ஒரு சலுகை இருந்தது. பின்னால் வருகிறவர்கள் மேல் கம்பி குத்திக் குத்தி, 2014 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். பையன் இதற்கு ஒரு யோசனை சொன்னான். குழாய்களை எட்டடியாக வெட்டி, நடுவில் ஜாயின்ட் போட்டுக்கொள்ளலாம் என்று. பி.காம். வீண்போகவில்லை.

இனி பையன் கட்சி. அவனை மடக்கியது நான் இல்லை, ஒரு டேப்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மூணு பேரும் சந்தை அளக்கப் போனோம். தச்சர் டேப்பின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார், மறுமுனையைப் பையன். நான் நோட்டு. சந்து பத்தடி. கார்ப்பரேஷன் கணக்கில்தான் பத்தடி. ஒரு பக்கம் முழுக்க மோட்டார் பைக்குகள். அதற்கு இரண்டேகால் அடி தள்ளுங்கள். மீதி ஏழே முக்கால். முனையில் ஒரு மின்சாரப் பெட்டி, அதற்கு எதிரே அடிபம்பு. பம்பில் தண்ணி வந்து எத்தனையோ வருஷமாயிற்று, ஆனால் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டதால் யாரும் பிடுங்கமாட்டார்கள். அந்த இடத்தில் திரும்பவேண்டும். யானையின் அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. நடு சைஸ் ஐந்தரை அடி சொச்சம். 407 ஆறடிக்கு மேல்.

"நேரா போனா போயிடும்" என்றான் பையன். நேராகப் போனால் போய்விடும்தான். திரும்பினால்? அவன் பதில் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினான். தெற்கு மாட வீதிப் பக்கம் பெரிய வண்டி வந்த நாட்களில் அது மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து மண்டபம் வரைக்கும் தலைச்சுமை. அதற்கு நாலு ஆள். அந்தக் கூலியும் நோட்டில் தனியாக இருந்தது. தி.நகரில் இன்னும் மோசம். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ரங்கநாதன் தெருப் பக்கம் மனுஷன் தன் ரெண்டு காலைத் திருப்பவே கார்டு போட்டு நிற்கவேண்டியிருக்கிறது. அடையாறில் காந்தி நகர், இந்திரா நகரெல்லாம் அகலத் தெருக்கள். அங்கே 407 தாராளமாகப் போகும். ஆனால் அடையாறுக்குப் போகிற வண்டியும் ராத்திரி படுப்பது மயிலாப்பூரில்தான்.

அடுத்தது சட்டம். இதில் அப்பாவுக்கு ஒரு பயம் இருந்தது. பையனிடம் இருப்பது சாதாரண கார் லைசென்ஸ். சரக்கு வண்டி ஓட்ட பேட்ஜ் வேண்டாமா, விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவானே என்று. இது நியாயமான பயம்தான், நிறையப் பேர் இந்தக் காரணத்தால் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். 2017-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதில் சந்தேகம் கிளம்பி ஐந்து நீதிபதிகள் முன்னால் போய், 2024 நவம்பரில் முடிவாயிற்று. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம். தனி பேட்ஜ் வேண்டாம். ஆகவே இந்த விஷயத்தில் மூணு வண்டியும் சமம்.

பெர்மிட்டில் சமம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. நடு சைஸ் வண்டிகள் பலதும் இந்தக் கோட்டுக்கு உள்ளேயே நிற்கிறபடி செய்யப்பட்டிருக்கின்றன. 407 கோட்டுக்கு அந்தப் பக்கம். வாங்கினால் பெர்மிட் எடுக்கணும், புதுப்பிக்கணும், அதற்கு ஒரு ஏஜென்ட், அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு டீ. எஃப்.சி. மட்டும் எல்லாவற்றுக்கும் உண்டு. முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம், அப்புறம் வருஷா வருஷம்.

பையன் முகம் வாடிப்போனது. அவனுக்கு 407 மேல் காதல் என்பது எனக்குத் தெரியும். ஸ்கூல் நோட்டு அட்டையில் எல்லாப் பையன்களும் ரஜினி படம் ஒட்டியபோது இவன் லாரி படம் ஒட்டியவன். "அப்ப அந்த ஏழெட்டு பெரிய ஆர்டர விட்டுடறதா?" என்றான்.

"ஏன் விடணும்? அன்னிக்கு மட்டும் 407 வாடகைக்கு எடு. நம்ம வண்டியும் கூட வரட்டும். ஏழு நாளுக்காக வருஷம் பூரா அத வீட்டுல வெச்சு சோறு போடுவியா?" என்றார் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். அவரும் தோற்றிருந்தார் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்கு உறைத்தது.

தீர்ப்பு எழுத எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. எட்டடித் தொட்டி, நடு சைஸ் என்று முடிவாயிற்று. எந்தக் கம்பெனி என்று சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம். மூணு கம்பெனி வண்டியையும் காலியாக இல்லாமல் நாற்காலி ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ஷோரூம்காரர் அதற்கு முதலில் முறைத்தார். அப்புறம் அவரே இறங்கி நாற்காலி அடுக்கினார். இழுத்தடித்ததில் ஒரு லாபமும் உண்டு. 2025 செப்டம்பர் 22-லிருந்து சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. முன்பே அவசரப்பட்டிருந்தால் அது போயிருக்கும். குடும்பச் சண்டைக்கும் ஒரு பலன் உண்டு பாருங்கள்.

வண்டி வந்த அன்று முண்டகக்கண்ணியம்மன் கோயில் வாசலில் பூஜை. நாலு எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய். கற்பூரத்தட்டைப் பிடித்திருந்த அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். மூணு தங்க வளையல், நடுவில் ஐந்து பச்சைக் கண்ணாடி வளையல். அப்பாவும் அதைப் பார்த்துவிட்டு, உடனே குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். புது டயரில் தட்டிப் பார்க்க என்ன இருக்கிறது?

பையன்தான் ஓட்டினான். சந்து முனையில் மின்சாரப் பெட்டிக்கும் அடிபம்புக்கும் நடுவே ஒரே வெட்டில் திரும்பினான். மாடியில் நின்றுகொண்டிருந்த ரெண்டு பேர் கைதட்டினார்கள். அடிபம்பிலிருந்த பழைய மாலை மட்டும் கொஞ்சம் ஆடியது.

அடுத்த சண்டை பெயின்ட்டர் வந்த அன்று ஆரம்பித்தது. பின்கதவில் என்ன எழுதுவது? அப்பாவுக்குத் தாத்தா பெயர் வேண்டும். பையனுக்கு இங்கிலீஷில் என்னமோ 'ஈவன்ட்ஸ்' என்று வேண்டும். என்னை மறுபடியும் ஜட்ஜாகக் கூப்பிட்டார்கள். சளி, இருமல் என்று சொல்லிப் போகவில்லை. ரெண்டு நாள் கழித்து லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த வண்டி நாலு வரிசையும் நிறைய என்னைத் தாண்டிப் போயிற்று. பின்கதவில் மஞ்சள் எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது:

'பாத்திரங்களைக் கழுவி, எண்ணித் திருப்பித் தரவும்.'